வீவக வீட்டுச் செடிகளும் வெளிச்சமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரத்திலும் பால்கனியிலும் செடி வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. செடியில் எந்தக் குறை தெரிந்தாலும் "வெயில் பத்தலை" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். பாதி நேரம் அது சரி. மீதி நேரம், வெளிச்சம் போதுமான அளவு இருந்தும் அதன் நிறமோ திசையோ நேரமோ செடிக்கு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

செடிக்குக் கண்ணே இல்லையே, வெளிச்சம் எங்கே இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியுது?

ஒளி பட்டால் வடிவம் மாறும் புரதங்கள் செடியின் இலை, தண்டு, விதை, வேர் எல்லாவற்றிலும் இருக்கின்றன. ஒளியுணரிகள் என்பது இவற்றின் பொதுப்பெயர். சிவப்பையும், சிவப்பின் கடைசி ஓரமான தொலைசிவப்பையும் உணர்வது பைட்டோக்குரோம். நீலத்துக்குக் கிரிப்டோக்குரோம், போட்டோட்ரோபின் என்று இரண்டு வகை உண்டு. புற ஊதா-பி கதிருக்குத் தனியாக யுவிஆர்-8 என்று ஒன்று இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகிவிடும். பச்சையம் வெளிச்சத்தைச் சாப்பாடாக எடுத்துக்கொள்கிறது. ஒளியுணரிகள் அதே வெளிச்சத்தைத் தகவலாக எடுத்துக்கொள்கின்றன. சாப்பாட்டுக்கு நிறைய வேண்டும். தகவலுக்குக் கொஞ்சமே போதும். தாழ்வார விளக்கு ஓர் இலைக்குக்கூடச் சோறு போடாது. ஆனால் "இன்னும் இருட்டவில்லை" என்று செடியை நம்பவைத்துவிடும்.

பைட்டோக்குரோமைச் சுவிட்ச் மாதிரின்னு சொல்றாங்களே, என்ன அர்த்தம்?

அதற்கு இரண்டு நிலைகள். 660 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய சிவப்பு பட்டால் செயல்படும் நிலைக்கு மாறும். 730 நானோமீட்டரை ஒட்டிய தொலைசிவப்பு பட்டால் பழைய செயலற்ற நிலைக்குத் திரும்பும். இருட்டில் விட்டாலும் மெல்லத் தானாகவே திரும்பிவிடும். எந்த நேரத்திலும் இரண்டு நிலைகளும் கலந்தே இருப்பதால், "எரியுது, அணையுது" என்பதைவிட ஒரு தராசு என்று நினைத்துக்கொள்வது உண்மைக்கு நெருக்கம்.

1952-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் இதைச் சாலட் கீரை (லெட்டூஸ்) விதையில் காட்டினார்கள். சிவப்பு ஒளி பட்ட விதைகளில் சுமார் 70 விழுக்காடு முளைத்தன. அதை அடுத்து தொலைசிவப்பைக் காட்டியபோது 6 விழுக்காடுதான் முளைத்தன. இரண்டையும் எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும், கடைசியாக எது பட்டதோ அதுவே முடிவைத் தீர்மானித்தது.

சரி, இலை மேல படுற வெளிச்சம் மரபணு வரைக்கும் எப்படிப் போகுது?

இருட்டில் வளரும் முளையில் பிஃப் எனப்படும் புரதங்கள் மரபணுக்களின் மேல் உட்கார்ந்துகொண்டு, "நீளு, பச்சையாகாதே" என்ற வேலையை நடத்துகின்றன. இன்னொரு பக்கம் காப்-1 என்ற புரதம், வெளிச்சத்தில் வளர்வதற்கான மரபணுக்களைத் தட்டி எழுப்பும் எச்ஒய்-5 புரதத்தைப் பிடித்துப் பிடித்து அழிக்க அனுப்பிக்கொண்டிருக்கும்.

வெளிச்சம் பட்டதும் செயல்நிலைக்கு வந்த பைட்டோக்குரோம் செல்லின் உட்கருவுக்குள் போய் பிஃப் புரதங்களோடு ஒட்டுகிறது. சில நிமிடங்களில் அவை சிதைக்கப்படுகின்றன. பைட்டோக்குரோமும் கிரிப்டோக்குரோமும் சேர்ந்து காப்-1-ஐயும் அடக்கிவிடுவதால் எச்ஒய்-5 பிழைத்துப் பெருகுகிறது. ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வேலை மாறுகிறது: தண்டு நீள்வது குறைகிறது, இலை விரிகிறது, பச்சையம் உருவாகிறது. காப்-1 பழுதான செடியை முழு இருட்டில் முளைக்கவைத்தால், அது வெயிலில் வளர்ந்ததைப் போலக் குட்டைத் தண்டும் விரிந்த இலையுமாக வரும். செடி இருட்டில் சும்மா இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வெளிச்ச வளர்ச்சியை அது முனைந்து அடக்கிவைத்திருக்கிறது.

தவ்கே ஏன் வெள்ளையா இருக்கு? முளைப்பாரியும் மஞ்சளாத்தானே வருது, அது நோயா?

நோய் இல்லை. பயற்று முளையான தவ்கே, முளைப்பாரி இரண்டும் மேலே சொன்ன இருட்டு வளர்ச்சிதான். மண்ணுக்கடியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும் முளை, விதையில் இருக்கும் சேமிப்பை முழுக்கத் தண்டை நீட்டுவதில் செலவழிக்கிறது. தலையைக் கொக்கிபோல வளைத்து வைத்துக்கொள்வது, மண்ணை முட்டும்போது நுனி கிழியாமல் இருக்க. பூக்கும் செடிகளில் பச்சையம் தயாரிப்பின் ஒரு கட்டம் வெளிச்சம் இல்லாமல் நடக்காது. அதனால் இருட்டறையில் வைத்த முளைப்பாரி வெளிர் மஞ்சளாக நிற்கிறது.

பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் இரண்டு தட்டுகளில் ஈரத் துணி விரித்து, ஒவ்வொன்றிலும் 20 பாசிப்பயறு. 8 மணி நேரம் ஊறிய பிறகு ஒன்றைப் பிஸ்கட் டின்னுக்குள் மூடுங்கள், மற்றதைச் சன்னலோரம் வையுங்கள். நான்காம் நாள் இரண்டையும் அளந்து பார்க்கலாம். பிறகு டின்னில் இருந்ததை வெளியே எடுத்து வைத்தால், ஒரே நாளில் கொக்கி நிமிர்ந்து பச்சை ஏறத் தொடங்கும். நடுவில் "முளைத்துவிட்டதா" என்று டின்னைத் திறந்து திறந்து பார்த்தால் சோதனை கெட்டுவிடும். சில நிமிட வெளிச்சமே முளைக்குத் தகவல் கொடுத்துவிடும்.

விதை போட்டு மண்ணை மூடணுமா, மூடக் கூடாதா?

விதையின் பருமனைப் பாருங்கள். வெண்டை, பயறு, அவரை, பாகல் போன்ற பெரிய விதைகளுக்கு வெளிச்சம் தேவையில்லை. விதையின் பருமனைப்போல இரண்டு மடங்கு ஆழம் சரி. சாலட் கீரை, பெட்டுனியா போன்ற பொடி விதைகள் வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். மண்ணுக்குள் ஒளி சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதற்குக் கீழே புதைந்தால் வெளியே வருவதற்குள் தன் சேமிப்பு தீர்ந்துவிடும் என்பதால், பொடி விதை வெளிச்சத்தைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறது. மேலாகத் தூவி, விரலால் லேசாக அழுத்தி, தண்ணீர் தெளித்தால் போதும்.

சாலட் கீரைக்கு நம் ஊரில் இன்னொரு தொல்லை உண்டு: சூடு. 28, 30 டிகிரியில் வெளிச்சம் இருந்தாலும் பல ரகங்கள் முளைக்காமல் படுத்துவிடும். ஈரமான டிஷ்யூவில் விதையை வைத்து, மூடி தெளிவாக இருக்கும் டப்பாவில் போட்டு, குளிரூட்டி ஓடும் அறையில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு நாள் விடுங்கள். முளைக்குருத்து எட்டிப் பார்த்ததும் தொட்டிக்கு மாற்றலாம்.

மிளகாய் நாற்று ஒல்லியா நீண்டு விழுந்துடுது. உரம் போடவா?

வேண்டாம். உரம், அதிலும் தழைச்சத்து, தண்டை இன்னும் மெலிதாக நீட்டும். பெரும்பாலும் முளைத்த முதல் வாரத்தில் தொட்டி வீட்டுக்குள்ளேயே இருந்ததுதான் காரணம். உங்கள் கண்ணுக்கு அந்த அறை வெளிச்சமாகத் தெரியும். கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கிரிப்டோக்குரோமுக்குப் போதிய நீல ஒளி கிடைக்காததால் நாற்று "இன்னும் மண்ணைவிட்டு முழுசாக வெளியே வரவில்லை" என்ற கணக்கிலேயே நீள்கிறது.

சூட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பைட்டோக்குரோமின் ஒரு வகை வெப்பத்தையும் உணர்கிறது என்று 2016-ல் கண்டறிந்தார்கள். இரவு வெப்பமாக இருந்தால் அது வேகமாகச் செயலற்ற நிலைக்குத் திரும்பும், நீளச் சொல்லும் பிஃப் புரதங்களின் கை ஓங்கும். 26 டிகிரி இரவுள்ள நம் வீடுகளில் நாற்று சற்று நெடுநெடுவென்று வருவதற்கு உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது: முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கள். காலை 7 முதல் 10 மணி வரை நேரடி வெயில் மிக நல்லது. காற்றாடியின் மெல்லிய காற்று பட வையுங்கள். அல்லது நாளுக்கு இரண்டு தடவை உள்ளங்கையால் நாற்றின் தலையை பத்துப் பன்னிரண்டு முறை வருடிவிடுங்கள். அசைவை உணரும் தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் ஆகும். ஏற்கெனவே நீண்டுவிட்டது திரும்பக் குட்டையாகாது. தக்காளி என்றால் தண்டை ஆழப் புதைத்து நட்டு ஈடுகட்டலாம். புதைந்த தண்டிலும் வேர் விடும். மிளகாய் அவ்வளவு தாராளமாக வேர் விடாது. மிகவும் மெலிந்ததை விட்டுவிட்டுப் புதிதாக விதைப்பதே மேல்.

எங்க காரிடார்ல நல்ல வெயில்தான். ஆனா தொட்டிங்களை நெருக்கி வச்சதும் எல்லாம் போட்டி போட்டு நீளுதே?

இலை சிவப்பை விழுங்கிவிட்டுத் தொலைசிவப்பைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். திறந்தவெளி வெயிலில் சிவப்பும் தொலைசிவப்பும் ஏறத்தாழச் சமம். சிவப்பு சற்றுக் கூடுதல். அடர்ந்த இலைகளுக்கு அடியில் சிவப்பு, தொலைசிவப்பில் பத்தில் ஒரு பங்காகக்கூட விழுந்துவிடும். பைட்டோக்குரோமின் தராசு செயலற்ற பக்கம் சாய, தண்டில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பெருகி, செடி மேலே ஓடுகிறது. பக்கத்துச் செடியிலிருந்து தெறித்து வரும் தொலைசிவப்பே போதும். நிழல் விழுவதற்கு முன்பே ஓட்டம் ஆரம்பித்துவிடும். உங்கள் செடிகள் வெயிலுக்குப் பசித்து நீளவில்லை, பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டு நீள்கின்றன.

அதனால் விளக்கைக் கூட்டுவதைவிட இடைவெளியைக் கூட்டுங்கள். ஒரு செடியின் இலை இன்னொன்றைத் தொடாத தூரம் குறைந்தபட்சம். தாழ்வாரத்தில் நடக்கும் வழியை அடைக்கவும் முடியாது என்பதால், தொட்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நேர்மையான வழி. கறுப்பு நிழல்வலை இந்தத் தொல்லையைத் தராது. அது எல்லா நிறத்தையும் ஒரே அளவில் குறைக்கிறது, சிவப்பின் பங்கை மாற்றுவதில்லை. இலை நிழலும் வலை நிழலும் நமக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் செடிக்கு வேறு வேறு.

செடி சன்னல் பக்கமே சாயுது. திருப்பி வச்சா போதுமா?

போதும், ஆனால் முறையாகத் திருப்ப வேண்டும். சாய்வது போட்டோட்ரோபினின் வேலை. அதற்கு நீல ஒளிதான் கணக்கு. ஒரு பக்கம் நீலம் அதிகம் பட்டால் ஆக்சின் நிழல் பக்கத்துக்கு ஒதுங்கும், அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகம் நீளும், தண்டு வெளிச்சத்தை நோக்கி வளையும். 1880-ல் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் முளையின் நுனியை மட்டும் மூடிப் பார்த்தார்கள். வளைவது கீழே என்றாலும் நுனியை மூடினால் வளைவு நின்றுபோனது. உணரும் இடமும் வளையும் இடமும் வேறு என்று அப்போதே தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே ஓடும் ஆக்சின் பிடிபட இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்புங்கள், எப்போதும் ஒரே திசையில். மாதத்துக்கு ஒருமுறை அரை வட்டம் திருப்பினால் தண்டு பாம்புபோல நெளியும். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளை அட்டையைச் சாய்த்து வைப்பதும் உதவும்.

எங்க தாழ்வாரத்துல பாதி வருஷம் வெயில் அடிக்குது, பாதி வருஷம் வரவே மாட்டேங்குது. கட்டடம் மாறலையே?

சூரியன்தான் மாறுகிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1 டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. மார்ச் 24, செப்டம்பர் 20 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில். ஜூன் கடைசியில் உச்சியிலிருந்து சுமார் 22 டிகிரி வடக்கே, டிசம்பர் கடைசியில் சுமார் 25 டிகிரி தெற்கே. எனவே வடக்கு பார்த்த தாழ்வாரத்துக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வெயில். தெற்கு பார்த்ததற்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, அதிலும் டிசம்பர் மழைமேகம் பங்கு கேட்கும். கிழக்கும் மேற்கும் ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் வாங்கும்.

மிளகாய், கத்தரி, தக்காளியை உங்கள் பக்கத்து வெயில் காலம் தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பு விதையுங்கள். வெயிலற்ற மாதங்களுக்குக் கற்பூரவல்லி, புதினா, பாண்டான் இலை.

வெளிச்சம் போதுமான்னு எப்படி அளக்குறது?

கைத்தொலைபேசியின் லக்ஸ் செயலி துல்லியமில்லை, ஆனால் இடத்தோடு இடத்தை ஒப்பிடப் போதும். இலை இருக்கும் உயரத்தில், உணரி மேலே பார்க்கும்படி வைத்துப் பாருங்கள். லக்ஸ் என்பது நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு. வெயிலின் லக்ஸை 54-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கணக்கு வரும், அதாவது செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எவ்வளவு விழுகின்றன என்ற கணக்கு. வெள்ளை எல்இடிக்குச் சுமார் 70. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தாண்டும், அதாவது ஏறத்தாழ 2,000 மைக்ரோமோல். வீட்டுக்குள் சோபா பக்கத்தில் 200 லக்ஸ் இருந்தால் அதிகம்.

ஆனால் செடிக்கு ஒரு நொடியின் அளவைவிட நாள் முழுவதும் சேர்ந்ததுதான் முக்கியம். பத்து லட்சம் மைக்ரோமோல் சேர்ந்தால் ஒரு மோல். சாலட் கீரைக்கு நாளுக்கு 12 முதல் 17 மோல், மிளகாய் நன்றாகக் காய்க்க 20-க்கு மேல். உங்கள் தாழ்வாரத்தில் 6 மணி நேரம் 10,000 லக்ஸ் இருந்தால் 4 மோல்தான் தேறும். அந்த இடத்தில் மிளகாய் உயிரோடு இருக்கும், காய்க்காது. எத்தனை நாற்று மாற்றி வைத்தாலும் இதே கதைதான்.

செடி விளக்குன்னா ஊதா நிறத்துலதான் இருக்கணுமா?

தேவையில்லை. நீலமும் சிவப்பும் மட்டும் போட்டால் மின்சாரம் சற்று மிச்சம், அவ்வளவே. அந்த ஊதா வெளிச்சத்தில் இலையின் நோயைக்கூடக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளை எல்இடியில் நீலமும் சிவப்பும் இருக்கின்றன, பச்சை இலைக்குள் ஆழமாக இறங்கி அதுவும் சாப்பாடாகிறது. வெள்ளை எல்இடியில் தொலைசிவப்பு மிகக் குறைவு என்பதால் செடி குட்டையாக, கட்டாக வரும். கீரைக்கு அது வசதிதான்.

200 மைக்ரோமோல் தரும் விளக்கு 16 மணி நேரம் எரிந்தால் 11.5 மோல். கடையில் சொல்லும் வாட் கணக்கை நம்பாதீர்கள். எத்தனை செண்டிமீட்டர் தூரத்தில் எத்தனை மைக்ரோமோல் என்று கேளுங்கள்.

அப்போ 24 மணி நேரமும் எரிய விட்டா சீக்கிரம் வளருமே?

சாலட் கீரை பொறுத்துக்கொள்ளும். தக்காளிக்கும் கத்தரிக்கும் இலை வெளுத்துக் கருகத் தொடங்கிவிடும். செடிக்குள் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் சுற்றும் கடிகாரம் இருக்கிறது. விடிவதற்கு முன்பே ஒளிச்சேர்க்கை மரபணுக்களைத் தயார்செய்வதும், பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவு முழுவதற்கும் அளந்து செலவழிப்பதும் அதன் பொறுப்பு. வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வந்தால்தான் அந்தக் கடிகாரம் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். 14 முதல் 16 மணி நேரம் போதும். பத்து வெள்ளி டைமர் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

தூங்குமூஞ்சி மரம் சாயங்காலம் இலையை மூடுறதும் இதே கடிகாரமா?

ஆம். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே ஓரம் குடைபிடித்து நிற்கும் அதே மரம். ஐந்து மணிக்கு மூடுவதால் மலாயில் அதற்கு "புக்குல் லிமா" என்று பெயர். இலைக்காம்பின் அடியில் இருக்கும் சிறு வீக்கத்தில், ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, தண்ணீரும் பின்னால் போக, அந்தப் பக்கம் தொய்ந்து இலை மடிகிறது. கடிகாரம் நேரம் குறிக்கிறது. பைட்டோக்குரோமும் நீல ஒளியுணரியும் அதைத் திருத்துகின்றன. மேகம் கறுத்தால் முன்னதாகவே மடிவது அதனால்தான். தொட்டாச்சிணுங்கியை முழு இருட்டில் வைத்தாலும் அது நேரத்துக்கு விரிந்து மடிவதைப் பிரெஞ்சு அறிவியலாளர் டி மெய்ரான் 1729-லேயே கவனித்தார்.

சிங்கப்பூர்ல பகல் நீளம் மாறவே மாறாதே. பூக்குற காலம் செடிக்கு எப்படித் தெரியும்?

கொஞ்சம் மாறுகிறது. நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் 9 நிமிட வித்தியாசம். இது போதாது என்று தோன்றும். ஆனால் மலாக்காவில் சயாம் 29 என்ற நெல் ரகத்தில் பார்த்தது வேறு: அங்கே ஆண்டின் மொத்த வித்தியாசமே 14 நிமிடம், இருந்தும் ஜனவரியில் விதைத்தது பூக்க 329 நாளும் செப்டம்பரில் விதைத்தது 161 நாளும் எடுத்தன. நிலநடுக்கோட்டுப் பக்கத்துச் செடிகள் நிமிடக் கணக்கில் எண்ணத் தெரிந்தவை.

எல்லாச் செடியும் பகலை எண்ணுவதில்லை. புறா ஆர்க்கிட் பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாது. பெருமழையில் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் சட்டென்று இறங்கினால், ஒன்பதாம் நாள் வட்டாரம் முழுவதும் ஒன்றாகப் பூத்து நிற்கும். வெண்டை, தக்காளி, மிளகாயில் இன்று நாம் வாங்கும் ரகங்கள் பெரும்பாலும் பகல் நீளம் பார்க்காதவை.

ஊர்ல அமோகமா காய்ச்ச அவரை, இங்கே கொடி மட்டும் ஓடுது. பூவே இல்லை. விதை கெட்டதா?

விதை நல்லதாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டுப் பழைய அவரை ரகங்கள் பலவும் குறும்பகல் செடிகள். ஆடியில் விதைத்து, பகல் குறுகும் ஐப்பசி கார்த்திகையில் பூத்து, தையில் காய்க்கும் கணக்கு. சென்னையில் டிசம்பர் பகல் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டி இறங்கும். இங்கே அது 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. விடியலுக்கு முந்தைய, அந்திக்குப் பிந்தைய மங்கல் வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். அதன் மேல் தாழ்வார விளக்கு.

பூக்கச் சொல்லும் செய்தி இலையில்தான் உருவாகிறது. இரவு போதிய நீளம் இருந்தால் இலையில் எஃப்டி வகைப் புரதம் தயாராகி, சாற்றோடு ஏறி நுனிமொட்டைப் பூமொட்டாக்குகிறது. எனவே விளக்கு படுவது கொடியின் கீழ்ப்பகுதி இலைகள் மேல்தான் என்றாலும் பாதிப்பு உண்டு. முதலில் தொட்டியை விளக்குத் தெரியாத மூலைக்கு மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், பகல் நீளம் பார்க்காத குத்து அவரை ரகங்களை வாங்கிப் போடுங்கள். இடமும் மிச்சம்.

கிறிஸ்மசுக்கு வாங்குன பாயின்செட்டியா அடுத்த வருஷம் சிவக்கவே இல்லையே?

அதே காரணம், இன்னும் கறாராக. குறும்பகல் செடி என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, அது எண்ணுவது இரவை. தொடர்ந்த இருட்டு 12 மணி நேரத்தைச் சற்றாவது தாண்ட வேண்டும், தினமும். அக்டோபர் தொடக்கத்திலிருந்து எட்டு வாரம், மாலை 6 மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி காலை 8 மணிக்குத் திறங்கள். ஒளி புகும் ஓட்டையைக் கறுப்பு டேப்பால் அடையுங்கள். பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும். பெட்டியிலேயே கிடந்தால் சிவக்க வலுவிருக்காது.

இத்தனை செய்தும் சிலருக்கு ஆரஞ்சும் பச்சையுமாக நின்றுவிடும். இரவு வெப்பம் 23, 24 டிகிரியைத் தாண்டினால் சிவப்பது தள்ளிப்போகும். கடையில் விற்பவை குளிர்ந்த இடத்தில் வளர்ந்து வந்தவை. பெட்டியை இரவில் குளிரூட்டி அறைக்குள் வைப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

நடுராத்திரி ஒரு நிமிஷம் லைட் போட்டா அவ்வளவுதானா? பௌர்ணமிக்கு என்ன பண்றது?

நிலவைப் பற்றிக் கவலை வேண்டாம். முழுநிலவு 0.3 லக்ஸுக்கு மேல் வராது, பெரும்பாலான செடிகள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. விளக்கு வேறு விஷயம். 10 லக்ஸ் அளவே பாயின்செட்டியாவின் இரவைக் கலைத்துவிடும். நடு இரவில் விழும் சிறிது நேர ஒளி நீண்ட இரவை இரண்டு குட்டி இரவாக வெட்டுகிறது என்பது 1938-லிருந்தே தெரிந்த செய்தி. இரவை வெட்டுவதில் சிவப்புக்குத்தான் வலு அதிகம், வெள்ளை எல்இடியிலும் சிவப்பு உண்டு. கட்டாயம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் மங்கலான பச்சை விளக்கு, சில நொடி. பச்சையைச் செடி உணராமல் இல்லை, மந்தமாக உணர்கிறது.

சன்னலுக்குள்ள வச்ச துளசி தளதளன்னு இருக்கு, ஆனா மணமே இல்லை. ஏன்?

கண்ணாடி புற ஊதா-பி கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். யுவிஆர்-8 புரதம் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். அந்தக் கதிர் பட்டால் பிரிந்து, காப்-1-ஐப் பிடித்துக்கொண்டு, இலையைக் காக்கும் நிறமிகளைத் தயாரிக்கும் மரபணுக்களை எழுப்பும். இது 2011-ல்தான் உறுதியானது. துளசி இனத்தில் வாசனை எண்ணெயும் இந்தக் கதிரால் கூடுகிறது. கண்ணாடிக்கு வெளியே, காலை வெயிலில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். சிவப்புச் சாலட் கீரை உள்ளே பச்சையாகவே நிற்பதற்கும் இதுவே பெரிய காரணம். செங்கீரையை இதோடு சேர்க்காதீர்கள். அதன் சிவப்பு வேறு நிறமி.

நீங்க சொன்னீங்கன்னு வெளியே வச்சேன். மூணே நாள்ல இலை வெளுத்துக் கருகிடுச்சு!

ஒரேயடியாக வைத்திருப்பீர்கள். நிழலில் விரிந்த இலை மெல்லியது, பச்சையம் நிறைந்தது, காப்பு நிறமி குறைந்தது. கடும் வெளிச்சத்தில் போட்டோட்ரோபின், பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகங்களைச் செல்லின் பக்கச் சுவரோரம் ஒதுங்கச் சொல்லும். மங்கலில் முகப்புக்கு வரச் சொல்லும். அந்த ஒதுங்கல் சில ஆயிரம் லக்ஸ் இடத்திலிருந்து ஒரு லட்சத்துக்குத் தாவும் செடிக்குப் போதாது.

முதல் மூன்று நாள் காலை 9 மணி வரை மட்டும். அடுத்த மூன்று நாள் 11 மணி வரை. பிறகு நான்கு நாள் நிழல்வலைக்கு அடியில் முழுப் பகல். அதன் பின் திறந்த வெயில். இடையில் மூன்று நாள் மழைமூட்டம் வந்தால் அந்த நாள்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெளுத்த இலை தேறாது. ஆனாலும் உடனே கிள்ள வேண்டாம். புதிய இலை நாலைந்து விரியும்வரை அதில் மிச்சமிருக்கும் பச்சையே செடிக்குச் சோறு.